மெய்யான தொடக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வசந்தம் பிறந்ததும் பேஸ்பால் பந்தயப் பருவமும் பிறக்கிறது. ஜனங்களின் குதூகலத்துக்கு அளவில்லை. 1910ஆம் வருஷம் ஜனாதிபதி டாஃப்ட் வாஷிங்டனில் முதற் பந்தை எறிந்தார்; பின்வந்த ஜனாதிபதிகள் பலரும் அவ்வழக்கத்தைக் கைக்கொண்டனர். ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. எழுதாச் சட்டமொன்று கறுப்பு இனத்தவரை அறுபது வருஷ காலம் பெரும் பந்தயங்களினின்று விலக்கி வைத்திருந்தது. 1947 ஏப்ரல் 15ந் தேதி, பருவத்தின் முதல் நாளன்று, புரூக்ளின் மைதானத்தில் ஜாக்கி ராபின்சன் அடியெடுத்து வைத்தார், தடை தகர்ந்தது. அன்று அவர் மட்டை பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. எனினும் புரூக்ளின் கட்சியை முந்தச் செய்த ஓட்டத்தை ஓடி முடித்தவர் அவரே. இப்பொழுது ஆண்டுதோறும் அத்தேதியில் ஆட்டக்காரர் அனைவரும் அவரது 42ஆம் எண்ணைத் தரித்து ஆடுகின்றனர். ஜனாதிபதிகள் எறிந்த பந்துகளைக் காட்டிலும் அவர் வைத்த அடியே அவ்வாட்டத்தின் மெய்யான தொடக்கம் என்போம்.