ஆணி அடிக்காமல் ஒரு அழகான அறை!



ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கொள்ளுங்கள். உங்களுக்கென்று ஒரு தனி அறை கிடைத்தால், அது எப்படி இருக்கும்? சுவர் முழுக்க கிரிக்கெட் வீரர்கள், மேலே மின்னும் நட்சத்திரங்கள், ஜன்னலோரம் ஒரு குட்டி ஊஞ்சல்... ஆஹா!

சரி, இப்போது கண்ணைத் திறங்கள். பாட்டியின் கட்டில், அப்பாவின் ஹெல்மெட், அக்காவின் காலேஜ் பை, கொடியில் துணி, இதற்கு நடுவே உங்கள் புத்தகப் பை! 'எங்க வீட்டில் எனக்கு ஏது தனி ரூம்? அதுவும் வாடகை வீடு. ஒரு ஆணி அடித்தால் போதும், ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்து விடுவார்' என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது.

கவலையே வேண்டாம். உலகிலேயே மிகவும் புகழ்பெற்ற படுக்கையறைகளில் ஒன்று, வாடகை வீட்டில் இருந்ததுதான். முதலில் அந்தக் கதையைக் கேளுங்கள்.

மஞ்சள் வீடு

நெதர்லாந்து நாட்டில் பிறந்த ஓவியர் வின்சென்ட் வான்கா. 1888ம் ஆண்டு மே மாதம், பிரான்சின் தென்பகுதியில் உள்ள ஆர்ல் என்ற ஊரில், நான்கு அறைகளை வாடகைக்குப் பிடித்தார். வெளிச்சுவர் மஞ்சள் நிறம் என்பதால், அதற்கு 'மஞ்சள் வீடு' என்றே பெயர்.

வீடு கிடைத்தது, உள்ளே போட கட்டில் இல்லை! அதனால், முதல் சில மாதங்கள் அங்கே ஓவியம் மட்டும் வரைந்தார். தம்பி தியோ அனுப்பிய பணத்தில் இரண்டு கட்டில்கள் வாங்கி, செப்டம்பர் மாதம்தான் குடியேறினார்.

தனி ஆளுக்கு எதற்கு இரண்டு கட்டில்? ஒன்று, தன்னோடு வந்து தங்கப் போகும் ஓவியர் பால் கோகனுக்கு! வாங்கியதில் நல்ல கட்டிலை நண்பருக்கு ஒதுக்கி விட்டு, சாதாரணக் கட்டிலைத் தனக்கு வைத்துக் கொண்டார். நண்பரின் அறைச் சுவரை அழகுபடுத்த சூரியகாந்திப் பூக்களை வரைந்து மாட்டினார். ஆமாம்... இன்று உலகமே கொண்டாடுகிறதே, அதே சூரியகாந்தி ஓவியங்கள்தான்!

அக்டோபரில் தன் சொந்த அறையையும் ஓவியமாக வரைந்தார். அதில் என்னென்ன இருந்தன தெரியுமா? ஒரு கட்டில், இரண்டு நாற்காலிகள், ஒரு சின்ன மேஜை, கண்ணாடி, துணி மாட்டும் கொக்கிகள், சுவரில் சில படங்கள். அவ்வளவுதான்! படத்தைப் பார்த்தாலே ஓய்வு எடுக்கத் தோன்ற வேண்டும் என்பது அவர் ஆசை.

காணாமல் போன சிவப்பு

அந்த ஓவியத்தில் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிகின்றன. ஆனால், வான்கா பூசியது வெளிர் ஊதா. ஊதா என்பது சிவப்பும் நீலமும் கலந்தது இல்லையா? வெளிச்சம் பட்டுப் பட்டு, காலப்போக்கில் சிவப்பு மங்கி விட, நீலம் மட்டும் மிஞ்சி விட்டது. வெயில் படும் சுவரில் ஒட்டிய போஸ்டர் வெளுத்துப் போகிறதே, அதுவும் இதே போலத்தான். ஆகவே, பிடித்த படத்தை நேர் வெயில் படும் இடத்தில் மாட்டாதீர்கள்.

இனி உங்கள் முறை!

செலவில்லாமல், ஓனரிடம் திட்டு வாங்காமல், உங்கள் இடத்தை மாற்ற ஐந்து யோசனைகள்...

1. முதலில் காகிதத்தில் மாற்றுங்கள்: டேப் எடுத்து அறையின் நீளம், அகலத்தை அளந்து கொள்ளுங்கள். கிராப் தாளில் ஒரு அடிக்கு ஒரு செ.மீ., என்று வரையுங்கள். 10 அடிக்கு 12 அடி அறை என்றால், 10 செ.மீ.,க்கு 12 செ.மீ., கட்டம். கட்டில், பீரோ, மேஜை எல்லாவற்றையும் இதே அளவில் அட்டையில் வெட்டிக் கொள்ளுங்கள். 6 அடிக்கு 4 அடி கட்டில், உங்கள் கையில் 6க்கு 4 செ.மீ., அட்டையாகி விடும். இப்போது பீரோவைக் கூட ஒரே விரலால் நகர்த்தலாம்! கதவு திறக்கும் இடத்தை மட்டும் காலியாக விடுங்கள். திட்டம் சரியாக வந்த பிறகு அப்பா, அம்மாவைக் கூப்பிடுங்கள். பீரோவைத் தனியாக இழுக்கக் கூடாது.

2. வெளிச்சம் எந்தப் பக்கம்?: வலது கையால் எழுதுபவர்களுக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால், கையின் நிழலே நோட்டில் விழும். இடது கைக்காரர்களுக்கு அப்படியே நேர்மாறு. உங்கள் படிக்கும் மூலையை இதை வைத்து முடிவு செய்யுங்கள்.

3. நிறம்: வெளிர் நிறங்கள் அதிக ஒளியைத் திருப்பி அனுப்பும், அடர் நிறங்கள் விழுங்கி விடும். எனவே, இருட்டான சின்ன அறைக்கு வெளிர் நிறத் திரை, வெளிர் நிறப் போர்வை நல்லது. அம்மாவின் பழைய காட்டன் சேலையே சூப்பரான திரை!

4. ஆணி இல்லாத படச்சுவர்: இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே சணல் கயிறு கட்டி, துணி கிளிப்பில் உங்கள் ஓவியங்களைத் தொங்க விடுங்கள். வாரம் ஒருமுறை படத்தை மாற்றலாம். மின்விசிறி, சுவிட்ச் போர்டு, வாசல் பக்கம் கயிறு வேண்டாம். சுவரில் டபுள் சைடு டேப்பும் வேண்டாம். பிய்க்கும்போது பெயின்டும் சேர்ந்து வந்து விடும்!

5. பாட்டிலில் பசுமை: மணி பிளான்ட் கொடியைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்தாலே வளரும். ஆனால், வாரம் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்து விடும்.

உஷார்: பழைய சுவர், ஜன்னல்களில் உரிந்து நிற்கும் பெயின்டைச் சுரண்டாதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் உடலுக்குள் போனால் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டுப் பெயின்டுகளில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி, 2017ம் ஆண்டு நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டில் எவ்வளவு ஈயம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ரொம்ப முக்கியமான கேள்வி

எல்லாம் சரி... அந்த அறையில் வேறு யார் தூங்குகிறார்கள்?

பாட்டி என்றால், உங்கள் திட்டத்தில் பாட்டிக்கும் இடம் வேண்டும். கண்ணாடி, தண்ணீர்ச் செம்பு, டார்ச் லைட் மூன்றும் அவர் படுத்தபடி கை நீட்டினால் எட்ட வேண்டும். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை வழியில் பையோ, பந்தோ, மிதியடியோ கிடக்கக் கூடாது. இரவில் தடுக்கி விழுந்தால், வயதானவர்களுக்கு எலும்பு சீக்கிரம் முறிந்து விடும். 'பாட்டி, உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஜன்னலோரம் உங்களுக்கே கிடைத்தாலும் கிடைக்கலாம்!

வான்கா கதை என்ன ஆயிற்று?

அக்டோபர் 23ம் தேதி கோகன் வந்தார். இரண்டே மாதம்தான், இருவருக்கும் சண்டை வந்து, கிளம்பிப் போய் விட்டார். வான்கா உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் இருந்தபோது, அறை ஓவியத்தில் ஈரம் ஏறிப் பாழானது. மனம் தளராமல், 1889ம் ஆண்டு அதே அறையை மறுபடி வரைந்தார். அம்மாவுக்கும் தங்கைக்கும் கொடுக்க, சின்ன அளவில் இன்னொன்றும் வரைந்தார். இன்று அந்த மூன்றும் ஆம்ஸ்டர்டாம், சிகாகோ, பாரிஸ் நகர அருங்காட்சியகங்களில் உள்ளன. 2016ம் ஆண்டு சிகாகோவில் அந்த ஓவியத்தைப் போலவே நிஜ அறை ஒன்றை உருவாக்கியபோது, மக்கள் காசு கொடுத்து அதில் ஒரு இரவு தங்கினர்!

மஞ்சள் வீடு? இரண்டாம் உலகப் போரில், 1944ம் ஆண்டு குண்டு விழுந்து அழிந்து விட்டது. வீடு போய் விட்டது. அறை மட்டும் இருக்கிறது.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்... ஒருநாள் லாரியில் சாமானை ஏற்றிக் கொண்டு வேறு வீட்டுக்குப் போக வேண்டி வரும். அதனால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அறையை இப்போது இருக்கிறபடியே வரையுங்கள். பாட்டியின் கட்டில், அப்பாவின் ஹெல்மெட், கொடியில் தொங்கும் துணி எதையும் விட்டு விடாதீர்கள். பின்பக்கம் தேதி போட்டு, பத்திரமாக வையுங்கள். அடுத்த தாளில் உங்கள் கனவு அறையை வரைந்து கொள்ளலாம்.

என்ன சுட்டீஸ், பென்சில் ரெடியா?