ஏறுவதும் இறங்குவதும்

ஏறுவது கடினம், இறங்குவது எளிது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் ஓர் இயந்திரத்தில் பாரம் தானாகவே எளிதில் இறங்கிவிடுமாயின், அதைவிடத் தொல்லை வேறில்லை. இவ்வாண்டு எங்கள் பள்ளிப் பட்டறையிலுள்ள சிறிய செதுக்கு இயந்திரம் எங்களுக்குப் புகட்டிய பாடம் இதுவே.

கணிப்பொறி தரும் எண்களின்படி, சுழலும் கட்டரை நகர்த்தி மரத்தைச் செதுக்குவது சி.என்.சி. ரௌட்டர். எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரம் 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் செய்து காட்டப்பட்டது. அன்று பெரும் அலமாரி போலிருந்த கட்டுப்பாட்டுக் கருவி, இன்று உள்ளங்கையளவு பலகையில் அடங்கிவிட்டது. ஆகவேதான் எம்மைப் போன்ற மாணவியர்க்கும் அது கைக்கெட்டியது.

இவ்வியந்திரத்திற்கு மூன்று அச்சுகள் உண்டு. எக்ஸ் அச்சு இடம் வலமாகவும், ஒய் அச்சு முன் பின்னாகவும், இசட் அச்சு மேல் கீழாகவும் நகரும். முதல் இரண்டும் பாரத்தைத் தள்ளினால் போதும். இசட் அச்சோ பாரத்தைச் சுமக்க வேண்டும். புவியீர்ப்பு அதனை ஒரு கணமும் விடாது இழுத்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் பள்ளி மழலையர் வகுப்புக்கு உயிரெழுத்துப் பலகைகள் செய்ய முனைந்தோம். எழுத்தின் பள்ளத்தில் குழந்தை விரலை ஓட்டி வடிவம் பழக வேண்டும். பள்ளம் எங்கும் 2 மி.மீ. ஆழம் இருத்தல் அவசியம். மரத்தை விரைவில் வெட்ட எண்ணி, கனமான மோட்டார் ஒன்றைப் பொருத்தினோம். தொல்லையும் உடன் வந்தது. வேப்பம்பலகையில் கடினமான ரேகை வந்த இடமெல்லாம் கட்டர் மேலெழும்பியது. முதல் பலகையில் விரலை ஓட்டிய சிறுமி, “அக்கா, இந்த ‘அ’ பாதியில காணாமப் போச்சு!” என்றாள். நாங்கள் நாணித் தலைகுனிந்தோம்.

காரணத்தை ஆராய்ந்தோம். மோட்டாரைத் தாங்கியவை இரண்டு மெல்லிய கம்பிகளும் பிளாஸ்டிக் புஷ்களுமே. டயல் கேஜ் வைத்து, கையால் சற்றே அசைத்துப் பார்த்தபோது முள் 0.3 மி.மீ. ஆடியது. அத்துடன், பாரத்தை வேகமாகத் தூக்கும்போது ஸ்டெப்பர் மோட்டார் சில படிகளைத் தவறவிட்டது. கட்டளை நிறைவேறியதா என்று கணிப்பொறி திரும்பிப் பார்ப்பதில்லை, நிறைவேறியதாகவே கொள்ளும். தூக்கும்போது ஒரு படி தவறினால், அடுத்த வெட்டு அந்த அளவு ஆழமாக விழும். பிழை பலகைக்குப் பலகை வளரும்.

கணபதியிலுள்ள ஒரு லேத் பட்டறைக்கு இயந்திரத்தைத் தூக்கிச் சென்றோம். அங்கிருந்த பெரியவர் அதனைத் தொட்டு அசைத்துவிட்டு, “மோட்டாரு மேல தப்பில்லீங் கண்ணு. புடிச்சிருக்கிற கை ஆடுது” என்றார். அவர் 12 மி.மீ. கனமுள்ள அலுமினியத் தகடு ஒன்றை மட்டமாக மில்லிங் செய்து தந்தார். அதன்மேல் இரண்டு லீனியர் ரெயில்களைப் பொருத்தினோம். எஃகுக் குண்டுகள் உருளும் நான்கு கட்டைகள் அவற்றைப் பற்றிக்கொண்டன. இரு ரெயில்களும் இணையாக இராவிடில் கட்டை இறுகிவிடும். எனவே டயல் கேஜை ஓட்டிப் பார்த்தே ஒவ்வொரு திருகையும் முடுக்கினோம்.

அடுத்தது திருகுத் தண்டு. பழைய தண்டு ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தியது. புதிய பால் ஸ்குரூ ஒரு சுற்றுக்கு 4 மி.மீ.தான் நகர்த்தும். வேகம் பாதியாகும், தூக்கும் வலிமையோ இரு மடங்குக்கும் மேலாகும். நட்டினுள் குண்டுகள் உருளுவதால் உராய்வு மிகக் குறைவு. கொடுத்த ஆற்றலில் ஏறத்தாழ 90 விழுக்காடு பயன்படும்.

இங்கே ஒரு கணக்கு. எங்கள் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படிகள், ஒவ்வொரு படியும் 16 நுண்படிகள், ஆக 3200. பழைய தண்டில் 1 மி.மீ.க்கு 3200-ஐ 8-ஆல் வகுக்க 400. புதியதில் 4-ஆல் வகுக்க 800. இந்த எண்ணைக் கட்டுப்பாட்டு நிரலில் மாற்ற மறந்தோம். 2 மி.மீ. கேட்டால் 1 மி.மீ. மட்டுமே வெட்டியது! இரும்பை மாற்றினால் எண்ணையும் மாற்ற வேண்டும் என்று அன்று தெளிந்தோம்.

எல்லாம் முடிந்தது என்று மகிழ்ந்த வேளையில் மின்சாரம் நின்றது. மோட்டார் பிடியை விட்டது. பாரம் சரசரவென இறங்கி, கட்டர் பலகையில் குத்தி நின்றது. ஏன்? காரைத் தூக்கும் திருகு ஜாக்கி, கையை எடுத்தாலும் இறங்குவதில்லை. அதன் மரையின் சரிவு குறைவு, உராய்வு அதிகம். பால் ஸ்குரூவிலோ உராய்வே அரிது. எது ஏறுவதை எளிதாக்கியதோ, அதுவே இறங்குவதையும் எளிதாக்கிவிட்டது. பெரிய இயந்திரங்களில் இசட் அச்சின் மோட்டாருக்கெனத் தனி பிரேக் வைப்பது இதனால்தான்.

பிரேக் வாங்கப் பணமில்லை. அன்னூர்ப் பக்கத்துத் தோழி ஒருத்தி, தன் பாட்டனார் சொல்லக் கேட்ட ஏற்றத்தை நினைவூட்டினாள். நீண்ட துலாவின் ஒரு முனையில் சால், மறுமுனையில் கல். கல்லின் பாரம் நீரின் பாரத்தைத் தாங்கிக்கொள்ள, இறைப்பவர் சிறிதே முயன்றால் போதும். கவலை இறைப்பிலும் மாடுகள் சரிவில் கீழ்நோக்கி நடந்தே நீரை மேலேற்றின. அவற்றின் எடையே துணைநின்றது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தபின், கொங்கு நாட்டுக் கிணறுகளில் பம்புகள் மெல்ல மெல்ல அவ்விடத்தைப் பிடித்தன. அந்தப் பம்புகளையும் மோட்டார்களையும் செய்தே கோவைப் பட்டறைகள் பெயர்பெற்றன. ஆனால் துலாக்கல்லின் தத்துவம் பழையதாகவில்லை. இன்றைய லிஃப்டிலும் எதிர்ப்பாரமாக அது ஏறி இறங்குகிறது.

இயந்திரத்தின் உச்சியில் கப்பி ஒன்றை அமைத்து, கயிற்றின் மறுமுனையில் மோட்டாருக்கு ஏறத்தாழ ஈடான இரும்புக்கட்டியைத் தொங்கவிட்டோம். பிறகு வேண்டுமென்றே சுவிட்சை அணைத்தோம். பாரம் நின்ற இடத்திலேயே நின்றது! நகர வேண்டிய நிறை கூடியதால் வேகத்தை மட்டும் சிறிது குறைத்துக்கொண்டோம்.

இதனைச் செய்ய விரும்பும் தோழியர்க்கு ஒரு வேண்டுகோள். சடையை இறுக முடிந்துகொள்ளுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். கட்டர் சுழலும்போது கை அருகே செல்லலாகாது.

பன்னிரண்டு பலகைகளையும் மீண்டும் செதுக்கி, உப்புத்தாள் தேய்த்து, மழலையரிடம் கொடுத்தோம். அதே சிறுமி ‘அ’வின் மேல் விரலை ஓட்டினாள். விரல் எங்கும் தடைபடவில்லை. இறுதிவரை சென்றவள் நிமிர்ந்து, “முழுசா இருக்கு, அக்கா” என்றாள்.

பழையது என்று நாம் ஒதுக்கும் கிணற்றடியிலும் விஞ்ஞானம் காத்திருக்கிறது. அதனைக் கேட்டறிய, நம் வீட்டுப் பெரியோர் இன்னும் இருக்கிறார்கள்.