குளத்துக்குப் போன மழை

தெருவில் ஓடும் மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால், ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் கோயில் வீதிகளில் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டியிருக்கும். வீதிகள் குளத்தைப் பார்த்துச் சரிந்திருந்தன. ஓரத்து வாய்க்கால் நீர் குளத்தில் இறங்கும். குளம் நிறைந்தால் வீட்டுக் கிணறு ஊறும். தெருவில் கொட்டியது தன் வாளிக்கே திரும்பி வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்று சென்னையில் மழைநீர் வடிகால் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, மூடி போட்டு. பாதாளச் சாக்கடை நீராவது கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போய்ச் சுத்திகரிக்கப்படுகிறது. மழைநீர் வடிகாலுக்கு அப்படி எதுவும் இல்லை. அதில் விழுந்தது விழுந்தபடியே கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ போய், கடலில் சேர்கிறது.

அன்று வீட்டிலிருந்து வெளியேறிய அழுக்கும் வேறு. பாத்திரத்துக்குச் சாம்பல், தலைக்குச் சீயக்காய். அரிசி களைந்த நீர் மாட்டின் கழுநீர்ப் பானைக்கு, குளித்த நீர் கொல்லை வாழைக்கு. மாட்டுவண்டி அச்சுக்குப் போட்ட மசகுகூட வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும்தான். ஆனாலும் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மனம் வரவில்லை. திறந்த சாக்கடையில் கொசு பெருகியது. யானைக்கால் நோயும் காலராவும் எத்தனையோ குடும்பங்களைச் சீரழித்தன. பாதாளச் சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் அந்தப் பயத்தைப் பெருமளவு போக்கின. அது பெரிய வரவு.

போனது, தண்ணீர் சேரும் இடம் பற்றிய நினைப்பு. மெக்கானிக் கடையில் வண்டிக்கு ஆயில் மாற்றுவதைப் பாருங்கள். பழைய ஆயிலைத் தட்டில் பிடித்து டின்னில் ஊற்றிவைக்கிறார்கள். அதை விலைக்கு வாங்க ஆள் வரும். தரையில் சிந்தியதை வாங்க ஆளில்லை. சோப்புத்தூளைத் தூவி, தண்ணீர் அடித்து, வடிகால் கம்பிக்குள் தள்ளிவிடுகிறார்கள். மரத்தூளைக் கொட்டி ஊறவைத்துக் கூட்டி அள்ளினால், ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். கட்டடம் கட்டும் இடத்தில் கலவைச் சட்டியைக் கழுவும் சிமென்ட் பாலும் அதே கம்பிக்குள்தான் போகிறது. உள்ளே இறுகிக் கல்லாகி, அடுத்த மழையில் தெருவையே குளமாக்குகிறது.

நல்ல மாற்றங்களும் உண்டு. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு, மொட்டைமாடித் தண்ணீர் தெரு அழுக்கில் கலக்காமல் மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது. ஹோட்டல்களில் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு 2018-இல் வரம்பு வந்தது. அந்த எண்ணெயை இப்போது காசு கொடுத்து வாங்கி பயோடீசல் ஆக்குகிறார்கள்.

தள்ளுவண்டிக்காரருக்குத்தான் இன்னும் வழியில்லை. எச்சில் தட்டு கழுவிய வாளித் தண்ணீரை அவர் எங்கே கொட்டுவார்? கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மழைநீர் வடிகாலின் கம்பி மட்டும்தான். அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. வண்டி நிற்க இடம் ஒதுக்கும்போதே, பாதாளச் சாக்கடையோடு சேர்ந்த ஒரு கழுவுதொட்டியையும் மாநகராட்சி கட்டித் தரலாம். நாலைந்து வண்டிகளுக்கு ஒன்று போதும்.