பந்து ஏன் வலப்புறம் ஓடுகிறது?

கோல்ப் என்றதும் நம்மவர் பலருடைய நினைவில் எழுவன நுவரெலியாவின் பசும்புல் வெளியும், அதன்மேல் உலாவிய தோட்டத் துரைமாரும்தாம். அந்நினைவு பிழையன்று. கொழும்பிலே 1879ஆம் ஆண்டிலும், நுவரெலியாவிலே 1889ஆம் ஆண்டிலும் இவ்விளையாட்டுக்கெனக் கழகங்கள் தோன்றியபோது, விளையாடியோர் வெள்ளைக்காரரே. நம்மவர் மட்டைப் பையைச் சுமந்து அவர் பின்னே நடந்தனர். ஆயினும் காலம் அவ்வாறே நின்றுவிடவில்லை. 2002ஆம் ஆண்டு தென்கொரியாவின் பூசான் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில், கோல்ப் தனிநபர் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர் நம் நாட்டவரான அனுர ரோஹண.

கண்டியிலே வாழ்வோர் இன்று இவ்விளையாட்டுக்காக நுவரெலியா வரை மலையேற வேண்டியதும் இல்லை. மகியங்கனை வீதியிலே தென்னக்கும்புரப் பாலத்தைக் கடந்து, குண்டசாலை, திகன வழியாகச் சென்றால் ரஜவெல்ல வரும். மகாவலியைத் தடுத்துக் கட்டிய விக்டோரியா அணை 1985இல் திறந்துவைக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் மறைந்தது. அந்நீர்த்தேக்கத்தின் கரையோரத்திலேதான் டொனால்ட் ஸ்டீல் என்னும் ஆங்கிலேயர் வகுத்தமைத்த 18 குழிகள் கொண்ட திடல் இருக்கிறது. அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர், இப்பால் நீர். இத்துணை அழகிய இடத்திலே நின்றுகொண்டு, மனிதர் இத்துணைக் கவலையோடு முகத்தைச் சுளிப்பதைக் காண்பது ஒரு வினோதமே.

அக்கவலைக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். வைத்தியராயினும் வர்த்தகராயினும், நாற்பது வயதுக்கு மேல் மட்டையைத் தொட்டவர் எவராயினும், அவர் நேரே அடிக்க எண்ணிய பந்து வானில் வலப்புறமாக வளைந்து பற்றைக்குள்ளோ நீருக்குள்ளோ போய் விழுகிறது. இதனை ஸ்லைஸ் என்பர். (வலக்கையாளரை மனத்திற் கொண்டே எழுதுகிறோம், இடக்கையாளர் திசைகளை மாற்றிக்கொள்க.) இந்நோய் கண்டவர் செய்யும் வைத்தியமோ நோயினும் கொடியது. பந்து வலப்புறம் போகிறதே என்று அவர் இடப்புறம் திரும்பி நிற்கிறார். தோள்கள் இடப்புறம் திரும்பினால் மட்டையும் இடப்புறமாகவே இழுபடும். பந்து இன்னும் வலப்புறம் வளையும். அவர் இன்னும் இடப்புறம் திரும்புவார். ஆறு மாதங்களில் அவர் நிற்கும் கோலத்தைக் கண்டால் எந்தக் குழியை நோக்கி விளையாடுகிறார் என்று சொல்வதே கடினமாகிவிடும். பின்னர் விலையுயர்ந்த புதிய மட்டை வாங்குவார். அதுவும் பயன் தராதபோது, இது நமக்கு வராது என்று பையைக் கட்டி அலுமாரியின் மேல் ஏற்றிவிடுவார். வீச்சைத் திருத்துகிறோம் என்று உடலை முறுக்கி, இடுப்புவலியைத் தேடிக்கொண்டவரும் உளர். பொழுதுபோக்காக விளையாடுவோரை மிகுதியும் வருத்துவது கீழ்முதுகு வலியே.

இவர்களெல்லாம் தம் வீச்சை ஆராய்கின்றனர், பந்தை ஆராய்வதில்லை. மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியை 2,000 பங்காக்கினால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. கண்ணுக்குப் புலப்படாத அந்தக் கணத்தில் நிகழ்ந்ததை ஒளியாமல் சொல்லக்கூடிய ஒரே சாட்சி பந்துதான். எத்திசையில் புறப்பட்டது, பின்னர் எப்பக்கம் வளைந்தது என்ற இரு கேள்விகளுக்கும் அது விடை தருகிறது. இங்கிலாந்தில் ஜோன் ஜேக்கப்ஸ் என்றொரு ஆசிரியர் இருந்தார். 1925இல் பிறந்து 2017இல் மறைந்தவர். கோல்ப் டாக்டர் என்றே உலகம் அவரை அழைத்தது. மாணவர் அடித்த பந்தின் ஓட்டத்தைக் கண்டே, மட்டை வந்த வழியையும் அதன் முகம் நோக்கிய திசையையும் அவர் சொல்லிவிடுவார். நாடி பார்க்கத் தெரிந்த வைத்தியருக்கு நோயாளியின் நீண்ட கதை வேண்டுவதில்லை அன்றோ?

ஆனால் இந்த நாடிசாத்திரத்திலேயே நெடுங்காலம் ஒரு பிழை இருந்தது. பந்து முதலில் மட்டை வீசப்பட்ட வழியே புறப்படும். பின்னரே மட்டையின் முகம் காட்டிய திசைக்கு வளையும் என்று நூல்கள் பல கற்பித்தன. உண்மை வேறு. பந்து புறப்படும் திசையைப் பெரிதும் தீர்மானிப்பது முகமே. வழியின் பங்கு சிறிது. முகத்திற்கும் வழிக்கும் உள்ள வேறுபாடே பந்தை வளைக்கிறது. 1968இல் கொக்ரன், ஸ்டொப்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு நூல் இதனைக் காட்டியும் கேட்டவர் சிலரே. டென்மார்க்கில் 2003இல் தோன்றிய ட்ராக்மன் என்னும் நிறுவனத்தின் ராடர் கருவி, பந்தையும் மட்டையையும் ஒருங்கே அளந்து காட்டிய பின்னரே பழைய பாடம் கைவிடப்பட்டது.

இதனால் சாதாரண ஆட்டக்காரனுக்கு ஆவதென்ன என்று கேட்கலாம். மிகவும் உண்டு. இருவர் ஸ்லைஸ் அடிக்கின்றனர் என்று கொள்வோம். ஒருவருடைய பந்து வலப்புறமே புறப்பட்டு மேலும் வலப்புறம் ஓடுகிறது. மற்றவருடைய பந்து இடப்புறம் புறப்பட்டு, பின் வலப்புறம் வளைகிறது. முதல்வருக்கு மட்டையின் முகம் திறந்து கிடக்கிறது. அவர் பிடியைத் திருத்த வேண்டும். இரண்டாமவருக்கு முகம் ஏற்கனவே இடப்புறம் நோக்கியுள்ளது; மட்டை வந்த வழி அதனினும் இடப்புறமாக இருப்பதாலேயே பந்து வளைகிறது. அவருக்கும், முகத்தை மூடு என்று பழைய மருந்தையே கொடுத்தால், பந்து இன்னும் இடப்புறமாய்ப் புறப்பட்டுக் காட்டுக்குள் போகும். பெயர் ஒன்று; நோய் இரண்டு.

இதற்கு மறுதலையும் உண்டு. குறுகிய இரும்பு மட்டையால் அடித்தால் பந்து நேர் இடப்புறமாகவும், நீண்ட டிரைவரால் அடித்தால் வலப்புறமாகவும் போகிறது என்று சிலர் முறையிடுவர். இரண்டு குறைகள் என்று எண்ணி இரண்டு வைத்தியம் தேடுவர். உண்மையில் குறை ஒன்றே: மட்டை வெளியிலிருந்து உள்நோக்கி, பந்தைக் குறுக்காக வெட்டி வருகிறது. குறுகிய மட்டையின் சரிந்த முகம் பந்துக்குப் பின்சுழற்சியை மிகுதியாகக் கொடுப்பதால் பக்கவளைவு தோன்றுவதில்லை. டிரைவரின் நிமிர்ந்த முகத்தில் அது மறைவதில்லை.

ஆதலின் மட்டையைக் கையில் எடுத்தவுடன் வீச்சைத் திருத்த முனைய வேண்டா. குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைச் சிறிது டிரைவரின் முகத்தில் தூவிப் பந்தை அடித்துப் பாருங்கள். பந்து பட்ட இடம் தடமாகத் தெரியும். அது தண்டை ஒட்டிய பக்கமாக இருப்பின், அதுவே பந்தை வலப்புறம் சுழற்றப் போதும். வீச்சில் வேறு குற்றமே இல்லாதிருக்கலாம். சிறிது விலகி நிற்பதே சிலருக்கு மருந்தாகிவிடும். அடுத்து, இரும்பு மட்டை பெயர்த்த புற்கட்டியின் வடுவைப் பாருங்கள். அது இலக்குக்கு இடப்புறம் நீண்டிருந்தால் மட்டை குறுக்கே வந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அப்போதும் முதலிற் பார்க்க வேண்டியது பாதமும் தோளும் நோக்கும் திசையையே. தரையில் ஒரு மட்டையை இலக்குக் கோட்டுக்கு இணையாகக் கிடத்தி, அதனோடு ஒப்பிட்டு நில்லுங்கள். பந்து இடப்பாதத்திற்கு வெகு முன்னே வைக்கப்பட்டிருந்தாலும், அதனை எட்டுவதற்காகத் தோள் தானே திறந்துவிடும்.

பிடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் நம் நாட்டவர் கோல்ப் விளையாட வருமுன் கிரிக்கெட் விளையாடியவர்கள். கிரிக்கெட் மட்டையின் முகத்தை நேரே நிமிர்த்தி, பந்துக்கு எதிரே காட்டிக்கொண்டிருக்கக் கற்ற கைகள் அவை. கோல்ப் மட்டையின் முகமோ பின்வீச்சில் திறந்து, முன்வீச்சில் மூடி வர வேண்டும். உள்ளங்கையிற் புதைத்து இறுகப் பற்றினால் அது மூடாது. இடக்கையின் விரல்களிலே மட்டையைக் கிடத்தி, மேலிருந்து நோக்கும்போது இரண்டு மூன்று விரல் மொளிகள் தெரியுமாறு கையைச் சிறிது வலப்புறம் திருப்பிக்கொள்க. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உண்டாகும், ஆங்கில வீ எழுத்துப் போன்ற பிளவு, இரு கைகளிலும் வலத்தோளை நோக்க வேண்டும். முதலில் இது மிகவும் அசௌகரியமாக இருக்கும். சரியாக அமைந்த புதிய பிடி எதுவும் முதல் வாரத்தில் தவறுபோலவே தோன்றும். அதற்காகப் பழையதற்குத் திரும்பியவர்களே அநேகர்.

புகழ்பெற்றவரைப் பார்த்துப் பழகுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. அமெரிக்கரான பென் ஹோகன் 1949இல் மோட்டார் விபத்தில் உயிர்தப்பி, 1953இல் ஒரே ஆண்டில் மூன்று பெரும்போட்டிகளை வென்றவர். 1957இல் அவர் எழுதிய பாடநூல் இன்றும் விற்பனையாகிறது. ஆனால் ஹோகனை இளமையில் வாட்டியது ஸ்லைஸ் அன்று. பந்து இடப்புறம் வளையும் ஹூக் என்னும் எதிர்நோய். அதனைத் தடுக்கவே அவர் தம் இடக்கையை இடப்புறம் திருப்பிப் பிடியைத் தளர்த்தினார். ஸ்லைஸ் அடிப்பவர் அப்பிடியை அப்படியே கைக்கொள்வது, தண்ணீர்ச் சுரம் கண்டவன் மேலும் குளிர்ந்த நீரில் மூழ்குவது போலாகும்.

பந்தின் தலையில் தட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடன் விளையாடுபவர் உடனே, தலையைத் தூக்கிவிட்டீர்கள் என்பார். உலகில் இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனைகளில் இதனினும் மலிந்தது வேறில்லை. தலை தூக்குவது பெரும்பாலும் விளைவே; காரணம் அன்று. பந்தை வானில் ஏற்ற வேண்டும் என்ற எண்ணத்தால் உடற்பாரம் வலக்காலிலேயே தங்கிவிடுகிறது. வீச்சின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னே விழுகிறது. அதனால் ஒரு முறை பந்தைத் தொடுமுன் தரையை வெட்டும். மறுமுறை மேலெழும்போது பந்தின் தலையில் தட்டும். மணலில் ஒரு கோடு கீறி, பந்தில்லாமல் வீசி, மணல் கோட்டுக்கு இலக்குப் பக்கமாகப் பெயரும் வரை பழகுவதே இதற்குப் பரிகாரம். பந்தை ஏற்றுவது மட்டையின் சரிந்த முகத்தின் வேலை; மனிதனுடையது அன்று.

கண்டி மாவட்டத்து நிலத்தைப் பற்றி மறந்துவிடலாகாது. மேடுபள்ளமான இத்தகைய திடலில் பந்து பாதத்தைவிட உயர்ந்த இடத்தில் கிடந்தால் இடப்புறமும், தாழ்ந்த இடத்தில் கிடந்தால் வலப்புறமும் செல்லும் இயல்புடையது. அது நிலத்தின் செயல். ஆகவே நோயறியும் சோதனையைச் சமதரையிலேயே செய்க. ஆனால் நோய் இன்னதென்று தெரிந்த பின், அதே சரிவு மருந்தாகவும் உதவும். பந்து பாதத்திலும் உயர்ந்திருக்கும் சரிவில் நின்று, குறுகிய இரும்பு மட்டையால் பாதி வேகத்தில் முப்பது பந்து அடித்துப் பாருங்கள். மட்டையை மேலிருந்து குறுக்கே இறக்க நிலம் இடங்கொடாது; கைகள் தாமே உடலையொட்டிச் சுற்றி வரும். அவ்வுணர்ச்சி மாறுமுன் சமதரைக்கு வந்து அதே வீச்சை வீசுக. ஒரு வாரத்தில் ஒரு திருத்தம் போதும். பிடியையும் நிலையையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்பது தெரியாமற் போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஈரத்தரை மட்டையைப் பிடித்து நிறுத்திவிடுமாதலால், அந்நாட்களில் வீச்சைப் பற்றி எந்த முடிவுக்கும் வர வேண்டாம். மழை விடும்வரை வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, வானொலி கேட்டுக்கொண்டே, மட்டையைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தாலே போதும். தை பிறக்கும்போது புதிய பிடி கைக்குப் பழகியிருக்கும்.