பழைய பிக்கப் வண்டியின் பிரேக்கைச் செம்மைப்படுத்தல்

புத்தளக் கரையோரக் கமக்காரருக்கு ஓர் அறிவுரை

கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் விளைவிப்போரும், தப்போவை, இங்கினிமிட்டிய முதலிய குளங்களின் கீழ் நெல் விளைவிப்போரும், தம் விளைவைச் சந்தை சேர்ப்பதற்குப் பெரும்பாலும் சிறிய பிக்கப் வண்டிகளையே நம்பியிருக்கின்றனர். நுரைச்சோலைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ, தொலைவிலுள்ள தம்புள்ளைக்கோ, கொழும்புக்கோ செல்லும் இவ்வண்டிகளுட் பல மிகப் பழையவை. அவற்றின் இயந்திரம் நன்றாக ஓடுகிறதா என்று நாம் அடிக்கடி பார்க்கிறோம். நன்றாக நிற்கிறதா என்று பார்ப்போர் சிலரே.

பாலாவியிலிருந்து கற்பிட்டி செல்லும் வீதி சமதரையில் அமைந்தது. ஏற்ற இறக்கம் இல்லாமையால் பிரேக்குக்கு வேலை குறைவு என்று எண்ணுதல் கூடாது. நேரான வீதியில் வேகம் தானே மிகுந்து விடுகிறது. இப்பகுதியில் கட்டாக்காலிக் கழுதைகள் வீதியில் நிற்பது யாவரும் அறிந்ததே. வெளிச்சம் பட்டாலும் அவை விலகுவதில்லை. விடியுமுன் சந்தைக்குப் புறப்படும் வண்டி, விளக்கொளியில் திடீரெனத் தோன்றும் ஒரு விலங்குக்கோ, விளக்கில்லாத துவிச்சக்கரவண்டிக்கோ முன்னால் நிற்க வேண்டியிருக்கும். அவ்வேளையில் ஓர் உயிரும், ஒரு போகத்தின் உழைப்பும் பிரேக்கைப் பொறுத்தே இருக்கின்றன.

வேகமும் பாரமும்

ஓடும் வண்டியில் அடங்கியுள்ள சக்தியைப் பிரேக் வெப்பமாக மாற்றுகிறது. அதனாலேயே வண்டி நிற்கிறது. பாரம் ஒன்றரை மடங்கானால் அச்சக்தியும் ஒன்றரை மடங்காகும். வேகமோ அவ்வாறன்று. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தை 70 ஆக உயர்த்தினால் சக்தி ஏறத்தாழ இரு மடங்காகிறது. பாரத்தையும் வேகத்தையும் ஒருங்கே கூட்டுபவர் பிரேக்கிடம் மும்மடங்கு வேலை கேட்கிறார்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீற்றர் செல்லும். ஆபத்தைக் கண்டு சாரதி பிரேக்கை மிதிப்பதற்குள் அவ்வளவு தூரம் கழிந்து விடுகிறது. அதன் பின் நல்ல பிரேக்குள்ள வண்டி 28 மீற்றர் அளவில் நிற்கும். தேய்ந்த பிரேக்குள்ள வண்டி நிற்பதற்கு 46 மீற்றர் வேண்டியிருக்கலாம். நல்ல வண்டி முற்றாக நின்றுவிட்ட அதே இடத்தைத் தேய்ந்த பிரேக்குள்ள வண்டி மணிக்கு 38 கிலோமீற்றர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். இவ்வேறுபாட்டைக் குறைப்பதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பழைய பிரேக்கின் அமைப்பு

நம் நாட்டில் இன்னும் ஓடும் மொறிஸ் மைனர் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். 1953 ஆம் ஆண்டு முதல் 1970களின் தொடக்கம் வரை செய்யப்பட்ட இவ்வண்டி, முதலில் கால் டன், அதாவது 5 அந்தர் பாரத்துக்கென அமைக்கப்பட்டது. இது ஏறத்தாழ 254 கிலோகிராம். 50 கிலோகிராம் சாக்குகளாயின் ஐந்து மட்டுமே.

இதன் நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக்குகளே உள்ளன. சாரதியின் காலடியிலுள்ள மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஒயிலை ஒரே குழாய்த் தொடரின் வழியாக நான்கு சில்லுகளுக்கும் அழுத்துகிறது. அங்குள்ள வீல் சிலிண்டர்கள் பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மின் உட்புறத்தோடு உராயச் செய்கின்றன. மிதியின் விசையைப் பெருக்கும் பூஸ்டர் இதில் இல்லை. 1962 இல் இயந்திரத்தின் கொள்ளளவு 1098 கன சென்ரிமீற்றராக உயர்த்தப்பட்டபோது, முன் டிரம்களின் விட்டமும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கப்பட்டது. வலு கூடினால் பிரேக்கும் கூட வேண்டும் என்பதைச் செய்தவர்களே அறிந்திருந்தனர். 1960களில் வந்த யப்பானியச் சிறு பிக்கப் வண்டிகள் பலவும் டிரம் பிரேக்குகளையே கொண்டிருந்தன.

இவ்வமைப்பில் மூன்று குறைகள் உள. முதலாவது, டிரம்மினுள் உண்டாகும் வெப்பம் எளிதில் வெளியேறாது. அடுத்தடுத்து மிதித்தால் பிடிப்புக் குறையும். இரண்டாவது, தண்ணீர் உட்புகுந்தால் உலரும் வரை பிரேக் சரியாகப் பிடிக்காது. மூன்றாவது மிகக் கொடியது. குழாய்த் தொடர் ஒன்றேயாதலால், எங்கேனும் ஓரிடத்தில் ஒயில் ஒழுகினாலும் நான்கு சில்லுகளிலும் பிரேக் இல்லாமற் போகும்.

முதற் படி: உள்ளதைச் சீராக்குக

புதிய உறுப்புகளை வாங்குமுன் பழையவற்றைச் செப்பனிடுதல் வேண்டும். பலருக்கு இந்த முதற் படியே போதுமானது. துருப்பிடித்த குழாயின் முடிவில் விலையுயர்ந்த டிஸ்க் பிரேக்கைப் பூட்டுவது, உடைந்த வாய்க்காலுக்குப் புதிய மதகு கட்டுவதற்கு ஒப்பாகும்.

குழாய்கள்: கடலுக்கும் களப்புக்கும் இடையில் வாழும் நமக்கு இதுவே தலையாய கவலை. கடற்காற்றிலுள்ள உப்பு உருக்குக் குழாய்களை வெளியிலிருந்து அரிக்கிறது. நமது வண்டிகளுக்கு மற்றோர் எதிரியும் உண்டு. மியூரியேற்று ஒப் பொட்டாசு உரம் ஒரு வகை உப்பேயாகும். பெட்டியில் சிந்திய உரம் பனியிற் கரைந்து கீழே வடிந்து, அடியிலுள்ள குழாய்களில் தங்குகிறது. உரமோ மீனோ ஏற்றிய பின் வண்டியின் அடிப்புறத்தை நன்னீரால் கழுவுக. குழாயின் மேற்பரப்பில் துரு பொருக்காக எழுந்திருந்தால் அதனைச் சுரண்டிப் பூச்சுப் பூசுதல் போதாது. மாற்றியே தீர வேண்டும். மாற்றும்போது செம்பும் நிக்கலும் கலந்த உலோகக் குழாய் கிடைக்குமாயின் அதனையே தேர்க. உப்பை நன்கு தாங்கும் இவ்வகைக் குழாயை சுவீடனின் வொல்வோ நிறுவனம் 1976 முதல் தன் வண்டிகளில் இடலாயிற்று. தனிச் செம்புக் குழாய் அதிர்வினால் வெடிக்கக் கூடியது, அதனைத் தவிர்க்க. சில்லுகளுக்குச் செல்லும் இறப்பர்க் குழாய்கள் வெடித்தோ உப்பியோ இருப்பின் அவற்றையும் மாற்றுக.

பிரேக் ஒயில்: இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டொட் 3 வகைப் புதிய ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியசு வரை கொதியாது. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகை வரை இறங்கக்கூடும். சூடேறிய பிரேக்கில் ஒயில் கொதித்தால் ஆவிக்குமிழிகள் தோன்றி, மிதி வெறுமையாக இறங்கிவிடும். ஆகையால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் ஒயிலை முற்றாக மாற்றுக. திறந்து நெடுநாள் வைத்த போத்தலை உபயோகியாதீர். இயந்திர ஒயிலையோ வேறு கனிய எண்ணெயையோ ஒருபோதும் ஊற்றலாகாது. இறப்பர் உறுப்புகள் அனைத்தும் உப்பிக் கெட்டுவிடும்.

டிரம்மும் ஷூவும்: டிரம்மின் உட்புறம் பள்ளம் விழுந்திருந்தால் கடைசல் பட்டறையில் சீராக்கலாம்; ஆயினும் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் கடைதல் ஆபத்து. ஒயிலோ கிறீசோ பட்ட லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்தாது புதிது இடுக. பழைய லைனிங்குகளில் அசுபெசுத்தசு இருந்திருக்கக் கூடும். அத்தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதுதல் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து அப்புறப்படுத்துக.

இரண்டாம் படி: இரட்டைத் தொடரும் பூஸ்டரும்

முதற் படி முடிந்த பின் செய்யத்தக்க மேம்பாடுகளுள் முதன்மையானது இரட்டை மாஸ்டர் சிலிண்டர். இதில் முன் சில்லுகளுக்கு ஒரு தொடரும் பின் சில்லுகளுக்கு மற்றொரு தொடரும் உண்டு. ஒன்று உடைந்தாலும் மற்றது வண்டியை நிறுத்தும். மிதி தாழ இறங்கும்; நிற்கும் தூரம் கூடும்; ஆயினும் வண்டி நிற்கும். பணம் ஒரு வேலைக்கு மட்டுமே போதுமாயின், டிஸ்க் பிரேக்கைவிட இதனையே முதலிற் செய்தல் நன்று.

பூஸ்டர் என்பது இயந்திரத்தின் உறிஞ்சலைக் கொண்டு காலின் விசையைப் பெருக்கும் கருவி. பெற்றோல் இயந்திரத்தில் அவ்வுறிஞ்சல் இயல்பாகவே கிடைக்கிறது. டீசல் இயந்திரத்தில் அது போதாமையால், உறிஞ்சும் பம்பி ஒன்று வேண்டும். பூஸ்டர் பிரேக்கின் பிடிப்பை உயர்த்துவதன்று. காலின் உழைப்பைக் குறைப்பது. தேய்ந்த பிரேக்குக்கு அது மருந்தாகாது.

மூன்றாம் படி: முன் சில்லுகளுக்கு டிஸ்க்

டிஸ்க் பிரேக்கின் கருத்துப் பழையது. இங்கிலாந்தின் பிரடெரிக் லான்செசுற்றர் 1902 இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். 1953 இல் பிரான்சின் லெ மான் ஓட்டப் பந்தயத்தில் ஜாகுவார் வண்டிகள் டிஸ்க் பிரேக்குடன் வெற்றி பெற்றதன் பின்னரே உலகம் அதன் பயனை நன்கு உணர்ந்தது. சில்லோடு சுழலும் திறந்த தட்டை இரு புறமும் பற்றும் அமைப்பாதலால் வெப்பம் உடனே காற்றில் கலக்கிறது. நீரும் மணலும் சுழற்சியால் வீசப்படுகின்றன.

பிரேக்கை மிதிக்கையில் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், முன் சில்லுகளே பெரும் பங்கு வேலையைச் செய்கின்றன. ஆகவே டிஸ்க்கை முன்னே பூட்டினாற் போதும். பின்னே டிரம் இருப்பது கைப்பிரேக்குக்கும் வசதியாகும். மொறிஸ் மைனருக்கு இம்மாற்றம் இங்கிலாந்தில் நெடுங்காலமாகச் செய்யப்படுகிறது. மைனரின் முன் அச்சமைப்பிலிருந்தே மொறிஸ் மரீனாவின் அமைப்பும் பிறந்தமையால், மரீனாவின் டிஸ்க் உறுப்புகளை அங்குள்ளோர் இதற்குப் பயன்படுத்தினர். இக்காலத்தில் இதற்கெனவே செய்த உறுப்புத் தொகுதிகளும் உண்டு.

இவ்வேலையில் நான்கு கவனிக்கற்பாலன:

1. டிரம் பிரேக்குக்குரிய மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் சிறிதளவு அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் ஒரு வால்வு உண்டு. அது டிஸ்க்குக்குச் செல்லும் வழியில் இருந்தால் பிரேக் விடாது உராய்ந்து எரியும். முன் தொடரிலிருந்து அதனை நீக்குதல் வேண்டும்.

2. முன்டிரம்மில் ஷூவைச் சுழற்சியே உள்ளிழுத்துப் பிடிப்பைப் பெருக்கும். டிஸ்க்கில் அவ்வுதவி இல்லை. ஆதலால் மிதி கடினமாகும், பூஸ்டர் வேண்டியிருக்கும்.

3. கலிப்பர்களின் பெரிய பிஸ்டன்கள் மிகுதியான ஒயிலை வேண்டுவன. அவற்றுக்கு ஏற்ற அளவுள்ள மாஸ்டர் சிலிண்டரைத் தேர்க.

4. கலிப்பர் சில்லின் உட்புறத்தில் முட்டாதிருக்கிறதா என்று சில்லைக் கையாற் சுழற்றியும், சுக்கானை இரு புறமும் முற்றாகத் திருப்பியும் பார்க்க.

பின் சில்லின் சமநிலை

வெறும் பிக்கப்பின் பின்புறம் இலேசானது. அங்கே பிரேக் மிகுந்தால் பின் சில்லுகள் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். பாரம் ஏற்றியபோதோ பின் பிரேக் மிகுதியாகத் தேவை. இதற்காகவே ஹைலக்ஸ் போன்ற வண்டிகள் பலவற்றில், பின் அச்சோடு கோலால் இணைந்த ஒரு வால்வு உண்டு. பாரத்தால் பெட்டி தாழத் தாழ அது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும்.

நம்மவர் பாரம் கூட்டுவதற்காகப் பின் வில்லில் மேலதிகத் தகடுகள் இடுவது வழக்கம். அப்போது பாரம் ஏற்றியும் பெட்டி தாழாது. வண்டி வெறுமையாக உள்ளது என்று அவ்வால்வு கொள்ளும். பின் பிரேக் குறைந்துபோகும். தகடு சேர்த்தவர் அவ்வால்வையும் மறுசீரமைத்தல் வேண்டும். தகடு சேர்த்தமையால் வண்டியின் பாரமெல்லை உயர்ந்துவிடுவதில்லை என்பதையும் மறவாதீர்.

எவ்வளவு நல்ல பிரேக்கும் ரயரின் பிடிப்புக்கு மேல் வண்டியை நிறுத்த இயலாது. வழுவழுப்பாகத் தேய்ந்த ரயரோடு புதிய டிஸ்க்கால் வரும் பயன் சிறிதே.

வேலை முடிந்த பின்

மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சில்லிலிருந்து தொடங்கிக் காற்றை வெளியேற்றுக. மிதி உறுதியாக நின்ற பின்னரே வண்டியை நகர்த்துக. முதலில் வெறும் வண்டியை ஆளற்ற வெளியில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்க்க. பின்பு சிறிது சிறிதாக வேகத்தையும், இறுதியில் பாரத்தையும் கூட்டுக. பிரேக் வேலை பழகுவோர் கைக்குரியதன்று. அனுபவமுள்ள மெக்கானிக்கிடமே ஒப்படைக்க. வண்டியின் அமைப்பை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டறிதல் பின்வரும் தொல்லைகளைத் தவிர்க்கும்.

ஒவ்வொரு காலையும் செய்யத்தக்கவை

புறப்படுமுன் மிதியை அழுத்தி, அரை நிமிடம் பிடித்திருக்க. மெல்லத் தாழ்ந்தால் ஒயில் எங்கோ நழுவுகிறது. பஞ்சு போல் அமிழ்ந்தால் காற்றுப் புகுந்துள்ளது. இரண்டிலும் வண்டியை எடுத்தல் கூடாது. ஒயில் மட்டத்தைப் பார்க்க. சில்லுகளின் உட்புறத்தில் ஈரக் கசிவு உண்டோ என்று நோக்குக. ஓடத் தொடங்கியதும் மெதுவாக ஒரு முறை நிறுத்துக. வண்டி ஒரு புறம் இழுத்தால் ஒரு சில்லின் பிரேக் வேலை செய்யவில்லை என்று அறிக.

நீர் இறைக்கும் பம்பி பழுதானால் பயிர் ஒரு நாள் வாடும். மறுநாள் நீர் பாய்ச்சித் தேற்றலாம். பிரேக் பழுதானால் மறுநாள் என்பதில்லை. ஆகவே அறுவடை தொடங்குமுன் வண்டியை ஒரு நாள் நிறுத்திவைத்து, குழாய், ஒயில், லைனிங் ஆகிய மூன்றையும் சோதித்துக்கொள்க. பின்னர் வசதிக்கேற்ப இரட்டைத் தொடரையும், அதன் பின் டிஸ்க்கையும் நாடுக. வரிசை மாறாது செய்யப்படும் வேலையே பணத்துக்கும் உயிருக்கும் பாதுகாப்பாகும்.