எண்களின் கதை – 6: கூடலூரின் 17

நீலகிரியின் கூடலூரிலோ பந்தலூரிலோ ஓர் இடத்தை விலை பேசினால், தண்ணீர் உண்டா, வண்டி போக வழி உண்டா என்பதற்கெல்லாம் முன்பாக ஒரு கேள்வி வந்து விழும். ‘பட்டா நிலமா, செக்‌ஷன் 17-ஆ?’ எந்தச் சட்டத்தின் 17 என்று கேட்கிறவர் சொல்வதில்லை. பதில் சொல்கிறவரும் விசாரிப்பதில்லை. அங்கே அதற்கு அவசியமே கிடையாது.

மலையை விட்டு இறங்கிவிட்டால் இந்த எண் இப்படித் துணையில்லாமல் நடமாடாது. கோவையில் ஒரு வக்கீலிடம் போய் ‘பிரிவு 17 என்ன சொல்கிறது?’ என்று கேட்டால், ‘எந்த ஆக்ட்?’ என்றுதான் திருப்பிக் கேட்பார். 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்தின் 17, எந்தெந்தப் பத்திரங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையும் அதில் சேர்த்தி. வாடகை ஒப்பந்தம் என்றாலே 11 மாதம் என்று நாட்டில் பழகிப்போனது அதனால்தான். கடன் கட்டாத வீட்டை வங்கி கையகப்படுத்தினால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிட வழி விடுவது 2002-ஆம் ஆண்டு சர்பேசி சட்டத்தின் 17. அரசியலமைப்பின் 17 தீண்டாமையை ஒழித்தது. சட்டத் தமிழில் அதை ‘உறுப்பு’ என்பார்கள். பேச்சில் அதுவும் பிரிவுதான்.

தோட்டத் தொழிலுக்கென்றே ஒரு 17 இருந்தது. அது குடைக்கும் கம்பளிக்குமானது. 1951-இல் வந்து 2025-இல் வழக்கொழிந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-வது பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளியைக் காக்க குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவற்றை நிர்வாகம் தர வேண்டும் என்று விதி வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஜூலை மழையில் இடுப்பைச் சுற்றி பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு உரிய எண்ணாக இருந்தது அது. ஆனால் கூடலூர்ப் பக்கத்துத் தேவாலாவில் ஒரு தேயிலைத் தொழிலாளி ‘பதினேழு’ என்று சொன்னால் அவர் மனதில் இருப்பது கம்பளி அல்ல. வீடு நிற்கிற அடிமனை.

அந்த 17, 1969-இல் தமிழக சட்டமன்றம் இயற்றிய கூடலூர் ஜன்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தில் இருக்கிறது. 24-ஆம் எண் சட்டம். இந்த வட்டாரம் முன்பு மலபாரின் தென்கிழக்கு வயநாடு. 1877-இல்தான் நீலகிரியோடு சேர்ந்தது. மாவட்டம் மாறியதே தவிர மண்ணின் உடைமை மாறவில்லை. நிலம் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்மமாகவே, அதாவது பரம்பரை உடைமையாகவே, நீடித்தது. கோவிலகம் தோட்டக்காரர்களுக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விட்டது. காப்பி வந்தது, பின்னால் தேயிலை வந்தது. ‘அதிக உணவு விளைவிப்போம்’ இயக்கம் நடந்த காலத்தில் கேரளத்திலிருந்து விவசாயிகள் ஏறி வந்தார்கள். 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்கள் வந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே பணியரும் காட்டுநாயக்கரும் முள்ளுக்குறும்பரும் அங்கே இருந்தார்கள். கையில் காகிதம் இல்லை, அவ்வளவுதான்.

சட்டம் ஜன்மியை, அதாவது ஜன்ம நிலத்தின் உடைமையாளரை, அகற்றிவிட்டு அந்த இடத்தில் அரசை உட்கார வைத்தது. 8, 9, 10 ஆகிய பிரிவுகளின்படி ஜன்மிக்கும் குடியானவருக்கும் பட்டா கிடைக்க வழி உண்டு. 17 வேறு சரக்கு. தோட்டப்பயிருக்காக ஜன்மி கொடுத்த குத்தகை நடப்பில் இருந்தால், குத்தகைதாரரின் உரிமை அப்படியே தொடரும். இனி நிலக்கிழார் அரசு. பொதுநலனுக்குத் தேவை என்று அரசு கருதினால், குறைந்தது மூன்று மாத அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பிக் குத்தகையை முடித்துக்கொள்ளலாம். இதுதான் அதன் சாரம்.

இதைப் படித்துப் பார்த்தால் ஒன்று உறைக்கும். இந்தப் பிரிவு யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது? பெரிய எஸ்டேட்டுகளை. மேட்டில் பத்து சென்ட்டில் வீடு கட்டி நாலு பாக்கு மரம் வைத்தவரைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் அந்தப் பிரிவின் பெயரைச் சுமப்பவர் அவர்தான். குத்தகை நிலத்தின் வழக்கு முடியாதவரை அதற்குள் இருக்கிற அவருடைய மனைக்கும் பட்டா இல்லை. பட்டா இல்லாத இடத்தில் மின் இணைப்பு கேட்டுப் போனால் உரிமைச் சான்று கேட்பார்கள். வங்கியிலும் அதே கதை. எஸ்டேட்டுக்குப் பாதுகாப்பாக எழுதிய வாசகம், பக்கத்து வீட்டுக்குப் பூட்டாகிவிட்டது. தேர்தல் வந்தால் ‘செக்‌ஷன் 17 பிரச்சினைக்குத் தீர்வு’ என்று வாக்குறுதி வரும். அங்கேயும் சட்டத்தின் பெயர் தேவைப்படாது.

வழக்கு முடியாததற்கும் பெரிய வரலாறு உண்டு. பால்மாடீஸ் தோட்ட நிறுவனம் தொடுத்த வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஜன்மக் காடுகளை அரசுக்கு மாற்றும் பகுதியை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. 1974-இல் 34-வது அரசியலமைப்புத் திருத்தம் முழுச் சட்டத்தையும் ஒன்பதாவது அட்டவணையில் கொண்டுபோய் வைத்தது. அங்கே வைத்தால் கோர்ட் தொடாது என்பது அன்றைய நம்பிக்கை. அந்த ஆண்டு நவம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அட்டவணையில் வைத்ததை எதிர்த்த ஐ.ஆர். கோயெல்ஹோ வழக்கு ஒன்பது நீதிபதிகள் வரை போனது. 2007 ஜனவரி 11-இல் வந்த தீர்ப்பு, 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் ஏறிய எந்தச் சட்டமும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீறுகிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்றது. நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் ‘கோயெல்ஹோ’ பாடம். அதன் வேர் கூடலூர் மண்ணில் என்று எத்தனை மாணவர்களுக்குத் தெரியுமோ!

இன்னொரு வழக்கும் இங்கேதான் முளைத்தது. கூடலூர்ப் பக்கம் மரம் வெட்டுவதை எதிர்த்து 1995-இல் உச்ச நீதிமன்றம் போனவர், அதே நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாட். 1996 டிசம்பர் 12-இல் நீதிமன்றம், உடைமை யாருடையதானாலும் ‘காடு’ என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆக, ஒரே வட்டாரத்தில் ஓர் எண்ணுக்குச் சட்டப் புத்தகத்தில் இல்லாத பொருளை ஊர் கொடுத்தது; ஒரு சொல்லுக்கு அகராதியில் இருந்த பொருளைக் கோர்ட் கொடுத்தது.

எண் சட்டத்தை விட்டுக் கழன்று சொல்லாவது புதிதல்ல. ஏமாற்றுக்காரரை ‘போர்ட்வென்டி’ என்கிறோம். இந்திய தண்டனைச் சட்டமே 2024 ஜூலை 1-இல் வழக்கொழிந்து, மோசடி புதிய சட்டத்தில் 318(4)-க்குக் குடிபோய்விட்டது. வசவு மட்டும் பழைய முகவரியிலேயே இருக்கிறது. ஆனால் 420 வாயோடு போகிற சொல். கூடலூரின் 17 அப்படியல்ல. அது ரேஷன் கடை வரிசையிலும் கல்யாணப் பேச்சிலும் கூட வந்து நிற்கும்.

அந்தப் பக்கம் ‘நல்ல இடம், மலிவாக முடியும்’ என்று யாராவது அழைத்தால், முன்பணத்தை நீட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் இருக்கிறது.

(அடுத்த வாரம்: தடை உத்தரவாக இருந்த 144, ஜீவனாம்சமாக மாறிய கதை)