தெரியாத இடத்தில் தொடங்கும் நேர்காணல்

மும்பை அணுசக்தி நகரில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி, 1957-ல் ஹோமி பாபா தொடங்கியது. பொறியியல் பட்டதாரிகளையும் அறிவியல் முதுகலைப் பட்டதாரிகளையும் ஓராண்டு பயிற்றுவித்து விஞ்ஞானிகளாக வேலையில் அமர்த்தும் பள்ளி அது. அதில் இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது மும்பையின் செம்பூர், மாட்டுங்கா பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். பலருக்குத் தெரியாதது தேர்வு முறை. ஆன்லைன் தேர்விலோ 'கேட்' தேர்விலோ வாங்கிய மதிப்பெண் நேர்காணலுக்குக் கூப்பிடும் வரைதான் செல்லும். வாசலைத் தாண்டிவிட்டால் அதற்கு மதிப்பில்லை. யாருக்கு இடம் என்பதை நேர்காணல் ஒன்றே தீர்மானிக்கிறது, உடல்தகுதிச் சோதனை மட்டுமே பாக்கி. அணுசக்தித் துறை விஞ்ஞானிகளில் பெரும்பகுதியினர் இதே பள்ளியின் வழியாக வந்தவர்கள். துறையின் தலைவராக இருந்த அனில் ககோட்கரும் அப்படி வந்தவர்தான். ஆகவே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேள்வி கேட்பவர்களில் பலர் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொன்னவர்கள்.

நாலு வருஷப் படிப்பின் பலனை ஒரு மணி நேரப் பேச்சின் மேல் ஏற்றுவது சரியா? சரியாக இருக்க முடியும் என்பதே என் முடிவு. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பேச்சு பாடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. ஒருவருடைய அறிவு எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு அது நீள வேண்டும். இந்த இரண்டும் இருக்கும் நேர்காணல் ஆளின் தோரணையை அளப்பதில்லை, யோசிக்கும் விதத்தை அளக்கிறது. தயாராகும் மாணவர்கள் இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

அணுசக்தி நகர் நேர்காணல் பொதுவாக முக்கால் மணி நேரம் போகும், சில சமயம் ஒரு மணியையும் தாண்டும். உங்களுக்குப் பிடித்த பாடங்கள் எவை என்று கேட்டு அங்கிருந்தே ஆரம்பிப்பது வழக்கம். இயந்திரவியல் படித்த ஒருவர் 'பொருட்களின் வலிமை' என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரு முனையும் மூடிய மெல்லிய குழாய்க்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் அது எப்படிப் பிளக்கும் என்று கேட்கலாம். நீளவாக்கில் பிளக்கும், சுற்றுவாக்கில் இழுக்கும் தகைவு நீளவாக்குத் தகைவைப்போல் இரண்டு மடங்கு. இது புத்தகத்தில் இருக்கிறது, எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அது ஏன் இரண்டு மடங்கு, குழாயை நீளவாக்கிலும் குறுக்கேயும் வெட்டிப் படம் போட்டுக் காட்டுங்கள் என்றால் சிலர் தயங்குவார்கள். சுவர் தடிமனாக இருந்தால் இதே சூத்திரம் செல்லுமா? உள்ளே கொதிநீர் ஓடி, வெளிப்புறம் குளிர்ந்திருந்தால் எந்தப் பக்கம் இழுபடும், எந்தப் பக்கம் அமுங்கும்? இதே குழாய் ஓர் அணு உலைக்குள் இருபது வருஷம் கதிர்வீச்சில் கிடந்தால் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு இளங்கலைப் பாடத்தில் விடை கிடையாது. அதை எதிர்பார்த்தும் யாரும் கேட்பதில்லை. "இதை நான் படித்ததில்லை. ஆனால் உலோகம் நாளாக ஆக இளகி நீளலாம், கெட்டிப்பட்டு நொறுங்கும் தன்மையும் வரலாம். இரண்டில் எது முந்தும் என்று தெரியவில்லை" என்று ஒருவர் சொன்னால், பேச்சு அங்கிருந்துதான் சூடுபிடிக்கிறது. கூடச் சேர்ந்து யோசிக்க ஆள் கிடைத்தது என்று எதிரே இருப்பவர்களுக்குத் தெரிகிறது.

அப்படியானால் தயாரிப்பும் அதற்கேற்ப இருக்க வேண்டும். மாதிரிக் கேள்வி-பதில்களை உருப்போட்டால் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். பத்துப் பாடங்களை மேலோட்டமாகப் புரட்டுவதைவிட இரண்டு மூன்றை அடியிலிருந்து கட்டி எழுப்பத் தெரிவது மேல். பிடித்த பாடம் என்று சொல்லப்போவது நிஜமாகவே பிடித்ததாக இருக்கட்டும், கேட்கப் பெருமையாக இருப்பதற்காகச் சொல்லாதீர்கள். கடைசி வருஷ புராஜெக்டில் நண்பர் செய்த பகுதியையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெள்ளைத்தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு ஒரு நண்பர் முன்னால் வாய்விட்டு யோசித்துப் பழகுங்கள். நம் வகுப்பறைகள் எழுதக் கற்றுக்கொடுக்கின்றன, யோசனையைப் பேச்சாக்கக் கற்றுக்கொடுப்பதே இல்லை. நன்றாகப் படித்த பிள்ளைகள் போர்டு முன்னால் ஊமையாகிப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நேர்காணல் என்பதே வெறும் குருட்டாம்போக்கு என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கையில் வலுவான சான்றும் இருக்கிறது. 1979-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி வழக்கம்போல 150 பேரைத் தேர்ந்தெடுத்த பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்கும்படி மாநில சட்டமன்றம் சொல்லிவிட்டது. நேர்காணல் தரவரிசையில் அடியில் கிடந்தவர்கள்தான் மிச்சம் இருந்தார்கள். அவர்களையே சேர்த்தார்கள். படிப்பிலும் பிறகு மருத்துவமனைப் பயிற்சியிலும் இரு கூட்டத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நம் நாட்டில் ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி 150 மதிப்பெண்ணில் 50-ஐ நேர்காணலுக்கு ஒதுக்கியிருந்தது. ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிஷம் மட்டுமே பேசினார்கள், அதிலும் பெற்றோர் யார், எந்த ஊர் என்றே விசாரித்தார்கள் என்று மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அஜய் ஹாசியா வழக்கு என்று பேர்பெற்ற அதில், மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை நேர்காணலுக்குக் கொடுப்பது தன்னிச்சையானது, 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

இந்தச் சான்றுகளை நான் மறுக்கவில்லை. அவை எதைக் காட்டுகின்றன என்று பார்க்க வேண்டும். ஹூஸ்டனில் அளக்கப் பார்த்தது நல்ல மருத்துவராவதற்கான குணத்தை. ஸ்ரீநகரில் பாடமும் இல்லை, நேரமும் இல்லை. ஊரையும் அப்பாவின் உத்தியோகத்தையும் கேட்கும் மூன்று நிமிஷம் வேறு, குழாயின் பிளவிலிருந்து தொடங்கிப் படிப்படியாக இறங்கும் ஒரு மணி நேரம் வேறு.

இன்னோர் ஆட்சேபம்தான் என்னை உண்மையாகவே யோசிக்க வைப்பது. முன்னாள் மாணவர்கள் தங்களைப் போன்றவர்களையே பொறுக்கிக்கொள்வார்கள், சரளமாக ஆங்கிலம் பேசும் நகரத்துப் பிள்ளைக்கே சாதகம் என்கிறார்கள். இதற்கும் ஆதாரம் உண்டு. தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் அமைத்த அப்துல் நஃபே குழு மதிப்பெண்களை ஆராய்ந்து, வாய்மொழித் தேர்வில் ஒடுக்கப்பட்ட சமூக மாணவர்களுக்குப் பாகுபாடு நேர்வதைக் கண்டது. அதற்கான 30 மதிப்பெண்ணை 15 ஆகக் குறைக்கவும் பரிந்துரைத்தது. ஆனால் ஆளைப் பார்க்காமல் முடிவெடுத்தால் பாகுபாடு போய்விடும் என்று நம்புவதற்கும் இடமில்லை. ஆசிய வம்சாவளி மாணவர்களைச் சேர்க்கையில் பாகுபடுத்துவதாக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கில் வெளிவந்த ஆவணங்கள் அதைத்தான் காட்டின. ஆசிய வம்சாவளி மாணவர்களை நேரில் சந்தித்த முன்னாள் மாணவர்கள், அவர்களின் குணநலனுக்கு வெள்ளையருக்கு நிகரான மதிப்பீடு கொடுத்திருந்தார்கள். பெரும்பாலும் காகிதத்தை மட்டுமே பார்த்த சேர்க்கை அலுவலகம்தான் குறைத்துப் போட்டிருந்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே முன்னாள் மாணவர் நடத்தும் நேர்காணல் சம்பளமில்லாத தொண்டு. அவர் எழுதி அனுப்பும் அறிக்கை கோப்பில் ஒரு தாள், அவ்வளவுதான். கொலம்பியா பல்கலைக்கழகம் 2023-ல் அதை நிறுத்தியே விட்டது. உங்கள் ஊரில் ஆள் இல்லாததால் நேர்காணல் கிடைக்காமல் போனால் அதனால் குறை வராது. கிடைத்தால், வருபவர் பெரும்பாலும் உங்கள் மதிப்பெண்ணையோ கட்டுரையையோ பார்க்காமல்தான் வருவார். பரிசுப் பட்டியலை ஒப்பிக்க வேண்டாம். நீங்கள் கையால் செய்த ஏதாவது ஒன்றை, அது எங்கே சொதப்பியது என்பது உட்பட, விவரமாகச் சொல்லுங்கள்.

அணுசக்தி நகரிலும் திருத்த வேண்டியவை உண்டு. முழு முடிவையும் நேர்காணலின் மேல் வைக்கும் ஒரு நிறுவனம், கேள்வியைப் புரிந்துகொள்ளவும் பதில் சொல்லவும் இந்தியிலோ தாய்மொழியிலோ இறங்கிப் பேசலாம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்கலாம். நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்று உச்ச நீதிமன்றம் அஜய் ஹாசியா வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. டேப் ரெக்கார்டர் அபூர்வமாக இருந்த காலத்தில் சொன்னதை இன்று செய்ய ஒரு செல்போன் போதும். அந்தப் பதிவைக் கேட்டு, இடம் கிடைக்காத ஒவ்வொருவருக்கும் எந்தப் பாடத்தில், எந்தக் கேள்வியில் தடுமாறினார் என்று நாலு வரி எழுதி அனுப்பினால், பொதுப் பிரிவுக்கான வயது வரம்பான 26-ஐத் தொடுவதற்குள் மறுபடி முயல்கிறவர் எந்தப் புத்தகத்தை எடுத்து உட்கார வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.